பசையரிசிக் கொழுக்கட்டையும் ஒரு ரேஷன் கார்டும்

போன மாதம் ஒன்றிய அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். மகளிர் குழுக்களுக்குப் பயிற்சி கொடுக்கிற வேலையில் புதிதாகச் சேர்ந்தவள். "அம்மா, ஒட்டுற அரிசி மாவுன்னு ஒரு பாக்கெட் வந்திருக்குது. கேக்கு, உருண்டைன்னு என்னென்னவோ செய்யலாமாம். உங்க காலத்துல இதெல்லாம் இருந்துச்சா?" என்று கேட்டாள்.

"இருந்துச்சாவா? அடியே, அந்த மாவைக் கிளறப் போயி ஊரே கூடி நின்னு என்னைப் பாத்து சிரிச்சிருக்குதுடி" என்றேன். அவள் வேலையை விட்டுவிட்டு "சொல்லுங்கம்மா, சொல்லுங்க" என்று பிடித்துக்கொண்டாள். போனில் சொல்லி முடிகிற சமாசாரமா அது? எழுதியே தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். நினைக்க நினைக்க இப்போதும் எனக்குக் கை பரபரக்கிறது.

நான் கிராம சேவிகாவாக இருந்து ஓய்வு பெற்றவள். அந்தப் பெயரே இப்போது பல பேருக்குத் தெரியாது. ஊர் ஊராகப் போய் மாதர் சங்கம் சேர்ப்பது, புகையில்லாத அடுப்பு போட்டுக் கொடுப்பது, இருக்கிற தானியத்தில் என்ன சமைக்கலாம் என்று செய்துகாட்டுவது, இதுதான் வேலை. பயிற்சி ஒரு வருஷம். அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கோழி வளர்க்கக் கற்றுக்கொண்டேன், கோழி கொத்தியது. சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டேன், இரண்டு முறை முள்வேலியில் விழுந்தேன். மண்ணெண்ணெய் டின்னை வெட்டி, அடியில் மணல் பரப்பி, மேலேயும் கீழேயும் தணல் வைத்து கேக் சுடக் கற்றுக்கொண்டேன். அது ஒன்றுதான் எனக்கு முதல் நாளே கைவந்தது.

பயிற்சி முடிந்ததும் செஞ்சியில் போட்டார்கள். அறுபதுகளின் நடுவில். கையில் கொடுத்தது தற்காலிக ஆணை, ஆறு மாதத்துக்கு. அதற்குள் மேலே இருப்பவர் நல்லபடியாக எழுதினால் நிரந்தரம், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். வீட்டில் எங்கள் நைனா மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார். மாதாகோயிலுக்குப் பின்னால் இரண்டு ஏக்கரில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிறவர், பேச்சில் கறார். "வேல பர்மனென்ட் ஆச்சின்னா உன் இஷ்டம் தெரேசு. ஆவலன்னா என் இஷ்டம்" என்று சொல்லிவிட்டார். அவர் பார்த்து வைத்திருந்த மாப்பிள்ளையை நானும் ஒரு தரம் பார்த்திருந்தேன். அதனால் எப்படியாவது நிரந்தரமாகிவிட வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தேன்.

மேலே இருந்தவர் முக்கிய சேவிகா கோமதி அம்மாள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கஞ்சி போட்டு மொடமொடவென்றிருக்கும் கைத்தறிச் சேலை, கடிகாரத்தை மணிக்கட்டின் உள்பக்கம் திருப்பிக் கட்டியிருப்பார். ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை. நாம் எதைச் சொன்னாலும் கடைசியில் "அப்புறம்?" என்பார். அவ்வளவுதான். அப்புறம் அவர் பேசமாட்டார், நாம்தான் பேசியாகவேண்டும். "கூட்டத்துக்கு இருபத்தஞ்சு பேர் வந்தாங்கம்மா" என்பேன். "அப்புறம்?" "இருபது இருக்கும்மா." "அப்புறம்?" "அதுல அஞ்சு பேர் நிழலுக்கு வந்து ஒதுங்கினவங்கம்மா." திட்டு வாங்கியிருந்தால்கூட அவ்வளவு வேர்த்திருக்காது.

செய்துகாட்டும்போது என்ன செய்யவேண்டும் என்பதற்கு அவரிடம் கண்டிப்பான முறை இருந்தது. கூட்டம் உட்கார்ந்த பிறகுதான் அடுப்பைப் பற்றவைக்கவேண்டும். ஊர் வீடுகளில் இருக்கிற படி, ஆழாக்கு இவற்றால்தான் அளக்கவேண்டும், நம் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போகக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, செய்துகாட்டப் போகிற பண்டத்தை முதல் நாளே, அதே மாவில், ஒரு தரம் செய்து தின்று பார்த்திருக்கவேண்டும். நாட்குறிப்பில் அதற்கென்று ஒரு கட்டம் உண்டு. 'முன்பே செய்து பார்க்கப்பட்டதா?' என்று இருக்கும். ஆம், இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். "நேத்து வந்த கை இன்னைக்கும் வரும்னு நெனைக்காத தெரேசு. கை மாறாது, மாவு மாறும்" என்பார்.

அந்த வருஷங்களில் அரிசிக்குக் கடும் பஞ்சம். ரேஷன் கடையில் எது வருகிறதோ அதுதான் சோறு. ஒரு வாரம் புது மூட்டைகள் வந்து இறங்கின. எந்தத் துறைமுகத்தில் எதனோடு எது கலந்ததோ தெரியாது, அரிசி பார்ப்பதற்குக் குண்டு குண்டாக, சுண்ணாம்பு மாதிரி வெள்ளை வெளேரென்று இருந்தது. நம் பச்சரிசியில் வெளிச்சம் கொஞ்சம் ஊடுருவும், இதில் ஊடுருவாது. சனங்களுக்கு ஒரே சந்தோஷம். ஆளுக்கொரு பையை நிரப்பிக்கொண்டு போனார்கள். மறுநாள் காலையில் அதே சனங்கள் பானையும் கையுமாகத் திரும்பி வந்தார்கள்.

நான் அப்போது பஜாரில்தான் இருந்தேன். ஒரு அம்மா ரேஷன் கடை வாசலில் நின்று, "இன்னா அரிசிய்யா குடுத்த? இத பாரு!" என்று பானையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். சோறு விழவில்லை. பானையைக் குலுக்கினாள், அப்போதும் விழவில்லை. "வடிக்கவும் முடியல, பிசையவும் முடியல. எம்புருஷன் வாயில வெச்சாரு, வாயத் தொறக்க முடியாம கைய ஆட்டுறாரு" என்றாள். இன்னொருத்தி பையில் மிச்சமிருந்த அரிசியைக் கடை வாசலிலேயே கொட்டிவிட்டுப் போனாள். அவளைப் பார்த்து இன்னும் நான்கைந்து பேர் கொட்டினார்கள். கூட்டம் கலைந்த பிறகு, இடுப்பில் கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்து குந்தி, மண்ணிலிருந்து அந்த அரிசியைப் பொறுக்கி முந்தானையில் போட்டுக்கொண்டிருந்தாள். என் வயதுதான் இருக்கும். அரிசியைப் பொறுக்குகிறவள் முகத்தில் அவ்வளவு சிரிப்பை நான் பார்த்ததில்லை.

மறுநாள் ஒன்றிய அதிகாரி பி.டி.ஓ. எங்களைக் கூப்பிட்டார். "அடுத்த அரிசி வர்றதுக்கு மூணு வாரம் ஆகும். அதுவரைக்கும் இதுதான். இதை எப்படிச் சாப்பிடறதுன்னு நீங்கதான் ஜனங்களுக்குக் காட்டணும்" என்றார். வெளியே வந்ததும் கோமதி அம்மாள் என்னிடம், "இதை நீ பண்ணு. நல்லா வந்துட்டா இந்த மாசமே உன் நிரந்தரத்துக்கு எழுதிடறேன்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. சோறாகத்தானே வடிக்க முடியவில்லை? மாவாக்கிவிட்டால்? கொழுக்கட்டை! எட்டு வயதிலிருந்து பிடிக்கிற கொழுக்கட்டை! அரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, உரலில் இடித்துச் சலித்தேன். பூப்போல மாவு. கையில் எடுத்து உதறினால் மிதந்தது. மறுநாள் காலையில் பக்கத்துக் கிராமமான சிங்கவரத்தில் செய்துகாட்டவேண்டும்.

முன்பே செய்து பார்க்கவேண்டுமே என்று தோன்றாமல் இல்லை. ஆனால் கொழுக்கட்டையில் செய்து பார்க்க என்ன இருக்கிறது? தூங்கி எழுந்து கண்ணைக் கட்டிவிட்டால்கூடப் பிடிப்பேன். நாட்குறிப்பை எடுத்து, அந்தக் கட்டத்தில் 'ஆம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதை எழுத ஒரு நொடி ஆகியிருக்கும்.

சிங்கவரத்தில் வேப்ப மரத்தடியில் நாற்பது பெண்கள். ஆண்களும் சைக்கிளை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். நான் முறைப்படி கூட்டம் உட்கார்ந்ததும் அடுப்பைப் பற்றவைத்தேன். நம் வீடுகளில் கொழுக்கட்டைக்கு என்ன செய்வோம்? தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு, உப்பும் சொட்டு எண்ணெயும் விட்டு, மாவைக் கொட்டிக் கிளறுவோம். பச்சரிசி மாவுக்குத் தன்னால் ஒட்டுகிற குணம் கிடையாது, கொதிநீர் பட்டால்தான் உருட்ட வரும். அதையே நான் வாயால் விளக்கிக்கொண்டு, ஒய்யாரமாக மாவைக் கொட்டினேன்.

"கொதி தண்ணி வேணா டீச்சரம்மா! பச்சத் தண்ணி! பச்சத் தண்ணி ஊத்துங்க!" என்று கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல் கத்தியது. யாரோ "த, பர்மாக்காரி வந்துட்டாடி" என்றார்கள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுக் கிளறினேன். இரண்டு சுற்று சுற்றியிருப்பேன். மூன்றாவது சுற்றுக்குக் கரண்டி வரவில்லை. இழுத்தேன். கரண்டியோடு பாத்திரம் வந்தது. பாத்திரத்தைக் காலால் அமுக்கிக்கொண்டு இழுத்தேன். வெள்ளையாக ஒரு முழ நீளத்துக்குப் பசை நீண்டு என் சேலையில் விழுந்தது. கையால் எடுக்கப் போனேன், கை சேலையோடு ஒட்டிக்கொண்டது. சைக்கிளில் சாய்ந்திருந்த ஒருவர், "தாயே, அத்த கீழ ஊத்திடாத, எங்க கட்சி நோட்டீசு ஒட்ட ஆவும்" என்றார். அன்றைக்குச் சிங்கவரம் சிரித்த சிரிப்பு செஞ்சி மலைக்கோட்டைக்குக் கேட்டிருக்கும்.

சாயங்காலம் கோமதி அம்மாள் முன்னால் நின்றேன். "மாவு சரியில்லம்மா" என்றேன். "அப்புறம்?" என்றார். "அரிசியே அப்படிம்மா." "அப்புறம்?" நாட்குறிப்பை அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் நாட்குறிப்பில் அந்த 'ஆம்' எழுதின கட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பக்கத்தைத் திருப்பி, "வெள்ளிக்கிழமை காலையில பஜார்ல, ரேஷன் கடை வாசல்ல இன்னொரு தரம். பி.டி.ஓ. வர்றார்" என்றார்.

மூன்று நாள் இருந்தது. மறுநாள் விடிந்ததும் சைக்கிளை மிதித்துச் சிங்கவரம் போய், அந்தக் கத்தின பெண் எங்கே இருக்கிறாள் என்று விசாரித்தேன். ஒரு மாட்டுக்கொட்டகையின் பாதியைத் தட்டி வைத்து மறைத்து அதில் இருந்தாள். பார்த்தால், ரேஷன் கடை வாசலில் மண்ணில் அரிசி பொறுக்கினவள்! பெயர் அம்சா. என்னைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "பொடவயில ஒட்டினது போச்சா டீச்சரம்மா?" என்றாள். கோபமாகத்தான் வந்தது. ஆனாலும் நானும் சிரித்துவிட்டேன்.

அவள் தாத்தா காலத்திலேயே பர்மாவுக்குப் பிழைக்கப் போன குடும்பம். அங்கிருந்து நம் சனங்கள் கப்பல் கப்பலாகத் திரும்பி வந்த சமயத்தில் புருஷனோடும் குழந்தையோடும் இவளும் வந்தாள். இறங்கின பத்தாம் நாள் புருஷன் காய்ச்சலில் போய்விட்டார். அகதிச் சான்று அவர் பெயரில் இருந்தது, அந்தக் குழப்பத்தில் அதுவும் தொலைந்துபோனது. புருஷனின் சொந்தக்காரர்கள் சிங்கவரத்தில் கொட்டகையில் இடம் கொடுத்தார்கள். ஆனால் ரேஷன் கார்டு கிடைக்கவில்லை.

"தாலுக்கா ஆபீசுக்கு ஏழு வாட்டி போயிட்டேன். நீ இந்த ஊருலதான் கீறன்றதுக்கு இன்னா அத்தாச்சின்றாங்க. ஏதனா ஒரு சர்க்காரு காயிதத்துல உம்பேரு இருந்தா எட்த்துனு வான்றாங்க. நான் எங்க போவேன்? எம்பேரு எழுதின காயிதம் ஒலகத்துலயே இல்ல" என்றாள். ஊரே வேண்டாம் என்று கொட்டுகிற அரிசியை வரிசையில் நின்று வாங்க அவளுக்கு உரிமை இல்லை. அதனால்தான் மண்ணில் பொறுக்கினாள். அதுவும் எந்த அரிசி? ரங்கூனில் பண்டிகைக்குப் பண்டிகை தேடி வாங்குகிற அரிசியாம் அது. "இது வெள்ளக் கவுனிக்கா! இத்தப் போயி சோறாக்கினா அது இன்னா பண்ணும்?" என்று என்னைக் கேட்டாள். டீச்சரம்மாவாக இருந்த நான் அதற்குள் அக்கா ஆகிவிட்டேன்.

பிறகு அவள் செய்தாள், நான் பக்கத்தில் குந்திப் பார்த்தேன். ஒரு ஆழாக்கு மாவில் பச்சைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துப் பிசைந்தாள். அதிலிருந்து எலுமிச்சம்பழ அளவு கிள்ளி, தட்டி, கொதிக்கிற தண்ணீரில் போட்டாள். மூழ்கின தட்டை வெந்து மேலே வந்ததும் எடுத்து, சுடச்சுட மற்ற மாவோடு சேர்த்துப் பிசைந்தாள். "இது உள்ள இருந்தாதான் உருட்டறப்ப வெடிக்காது" என்றாள். நான் ஒரேயடியாக எல்லா மாவுக்கும் காட்டின கொதிநீரை அவள் ஒரு எலுமிச்சம்பழ அளவுக்கு மட்டும் காட்டினாள். அவ்வளவுதான் வித்தியாசம். புளியங்கொட்டை அளவு வெல்லத்தை உள்ளே வைத்து உருட்டி, ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விட்டாள். எல்லாம் அடியில் போய்ப் படுத்துக்கொண்டன. கொஞ்ச நேரத்தில் ஒன்று மெதுவாக அசைந்து மேலே வந்தது. "வந்துச்சி பாரு! வந்துச்சி பாரு!" என்று நான் கத்தினேன். குழந்தை திடுக்கிட்டு அழுதது. மிதந்த பிறகும் கொஞ்சம் விட்டு, எடுத்துத் தேங்காய்த் துருவலில் புரட்டிக் கொடுத்தாள். கடித்தேன். மாவு நீண்டது, உள்ளேயிருந்து வெல்லப்பாகு ஓடி நாக்கைச் சுட்டது. சுட்ட நாக்கோடு ஐந்து தின்றேன்.

எனக்கு நிலைகொள்ளவில்லை. இந்த மாவைச் சுட்டால் எப்படி இருக்கும்? மறுநாள் டின் அடுப்பைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு திரும்பப் போனேன். தேங்காய்ப்பாலில் வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி, மாவைக் கட்டியில்லாமல் கரைத்து, ஒரு சிட்டிகை உப்புப் போட்டு, தட்டில் வாழையிலை விரித்து நல்லெண்ணெய் தடவி ஊற்றி டின்னுக்குள் வைத்தேன். முதல் தடவை மேல் தணல் அதிகமாகிக் கருகிப்போனது. இரண்டாம் தடவை நடு வேகவில்லை. மூன்றாம் தடவை, மேலே பொன்னிறமாக மொறுமொறுவென்று, உள்ளே அழுத்தினால் அமுங்கி எழும்புகிற மாதிரி வந்தது. அம்சா கையைத் தட்டினாள். "ரங்கூன்லகூட இப்பிடி தின்னதில்லக்கா!" என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "வெள்ளிக்கெழம நீயும் வா. ரெண்டு பேரும் சேந்து செய்வோம். ரிப்போர்ட்டுல உம்பேரத்தான் எழுதுவேன். அது சர்க்காரு காயிதம்தானே?" என்றேன். அவள் நம்பாமல் என் முகத்தையே பார்த்தாள். "நெஜமாவா?" என்றாள். "சத்தியமா" என்றேன்.

வெள்ளிக்கிழமை பஜார் நிரம்பிவிட்டது. சிங்கவரத்து சமாசாரம் அதற்குள் பரவியிருந்தது, டீச்சரம்மா மறுபடியும் ஒட்டிக்கொள்வதைப் பார்க்க வந்த கூட்டம் அது. அம்சா முந்தானையை முகத்தில் பாதிக்கு இழுத்துவிட்டுக்கொண்டு என் பின்னால் குந்தி மாவு பிசைந்தாள். அதிகாரிகள் என்றால் அவளுக்குப் பயம். நான் டின்னைப் பார்த்துக்கொண்டு வாயால் விளக்கினேன். முதல் உருண்டை மிதந்து மேலே வந்தபோது கூட்டம் 'ஓ' என்றது. இரண்டாவது, மூன்றாவது வந்தபோது முண்டியடித்துக்கொண்டு முன்னால் வந்தார்கள். நோட்டீஸ் ஒட்டப் பசை கேட்டவர் நான்கு உருண்டை தின்றார். கடைக்காரச் செட்டியார் வீட்டு அம்மா, "தேங்கா எத்தினி? வெல்லம் எத்தினி? மெதுவா சொல்லு" என்று விரல்விட்டு மனப்பாடம் செய்தார். பானையைக் கவிழ்த்த அம்மா, "வூட்ல மிச்சம் கீது, போய் இடிக்கறேன்" என்று பாதியிலேயே ஓடினாள். எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

பி.டி.ஓ. ஒரு உருண்டையைத் தின்றுவிட்டு, கேக்கையும் ஒரு கடி கடித்தார். கண்ணை மூடிக்கொண்டு மென்றார். "பிரமாதம்! இதையெல்லாம் யாரும்மா கண்டுபிடிச்சது?" என்றார்.

"நான்தான் சார்" என்றேன்.

எப்படி வந்தது அந்த வார்த்தை என்று இன்றுவரைக்கும் தெரியாது. கூட்டம், கைதட்டல், நிரந்தரம், நைனா பார்த்து வைத்த மாப்பிள்ளை, எல்லாம் சேர்ந்து என் வாயைத் திறந்துவிட்டன. பின்னால் மாவு பிசைகிற சத்தம் ஒரு கணம் நின்றது, பிறகு மறுபடியும் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பி.டி.ஓ. கோமதி அம்மாளிடம், "இந்தப் பொண்ணை விட்டுடாதீங்க" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். பாத்திரங்களைக் கழுவி அடுக்கிவிட்டு அம்சா போய்விட்டாள்.

சாயங்காலம் அலுவலகத்தில் கோமதி அம்மாள் அறிக்கைத் தாளை எடுத்து என் பக்கம் தள்ளினார். 'செய்துகாட்டியவர் பெயர், ஊர், ரேஷன் கார்டு எண்' என்று அதில் கட்டங்கள் இருந்தன. "நல்லா வந்துதும்மா" என்றேன்.

"அப்புறம்?"

"நெறைய பேர் அளவு கேட்டாங்கம்மா."

"அப்புறம்?"

"கேக்கு எல்லாம் தீந்துபோச்சிம்மா."

"அப்புறம்?"

நான் அழுதுவிட்டேன். வெட்கக்கேடான அழுகை. "நான் கண்டுபிடிக்கலம்மா. டின்னுல சுட்டது மட்டும்தான் நான். மத்ததெல்லாம் அந்தப் பொண்ணு அம்சா. பேரை எழுதறேன்னு சத்தியம் பண்ணிட்டு, எல்லார் முன்னாடியும் நான்தான்னு சொல்லிட்டேன். மொத தடவ முன்னாடி செஞ்சும் பாக்கல. பாத்தேன்னு பொய் எழுதினேன்" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே கொட்டித் தீர்த்தேன். நிறுத்தின பிறகு இன்னொரு 'அப்புறம்' வருமோ என்று காத்திருந்தேன். வரவில்லை. அவர் தன் பேனாவைத் திறந்து என்னிடம் கொடுத்தார்.

"அந்த 'ஆம்' எழுதினதை நீயே அடி. 'இல்லை'ன்னு எழுது. அடிச்ச இடத்துல கையெழுத்துப் போடு" என்றார். செய்தேன். பிறகு அறிக்கையை எடுத்து, செய்துகாட்டியவர் என்கிற இடத்தில் அம்சா, சிங்கவரம் என்று எழுதினேன். கார்டு எண் கட்டத்தில் பேனா நின்றது. "அவளுக்குக் கார்டே இல்லம்மா. காலியா விட்டுடவா?" என்றேன்.

"காலியா விட்டா யாரும் கேக்கமாட்டாங்க. இல்லைன்னு எழுது. பெரிசா எழுது" என்றார்.

எழுதிவிட்டு மெதுவாகக் கேட்டேன். "அம்மா, என் நிரந்தரம்?"

"நாட்குறிப்புல நீ பொய் எழுதினதை நான் எழுதித்தான் ஆகணும். நீயா வந்து சொன்னதையும் எழுதுவேன்" என்றார். அப்படியே எழுதினார். ஒரு வார்த்தை கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. எனக்கு நிரந்தரம் வரவில்லை, தற்காலிகத்தையே இன்னும் ஆறு மாதம் நீட்டினார்கள். நைனாவிடம் போய்ச் சொன்னேன். அவர் தாடையைத் தேய்த்துக்கொண்டே, "ஆறு மாசமா? செரி, மாப்ளயும் ஆறு மாசம் தள்ளியே இருக்கட்டும்" என்றார்.

மறுநாள் அம்சாவின் கொட்டகைக்குப் போனேன். "கோவமா?" என்று கேட்டேன். "ஆமா" என்றாள். குழந்தைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை. அறிக்கையில் அவள் பெயர் எழுதினதைச் சொன்னேன். சீப்பு நின்றது. "எப்பிடி எழுதின? அம்சான்னா? எங்க, எழுதிக் காட்டு" என்றாள். மண்ணில் விரலால் எழுதிக் காட்டினேன். அதைச் சுற்றி நடந்து இரண்டு பக்கமிருந்தும் பார்த்தாள். "கோவம் இன்னும் இருக்குது. நாளைக்கி போயிடும்" என்றாள்.

பி.டி.ஓ. அறிக்கையைப் படித்தபோது நானும் கோமதி அம்மாளும் எதிரில் நின்றோம். என் விஷயத்தைப் படித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். பிறகு, "கார்டு நம்பர் இல்லைன்னு போட்டிருக்கு. ஏன் இல்லை?" என்றார்.

"அதைத்தான் சார் நாங்களும் கேக்கறோம்" என்றார் கோமதி அம்மாள்.

அவருக்கு முதலில் கோபம் வந்தது, பிறகு சிரிப்பு வந்தது. அறிக்கையின் நகலையும் ஒரு கடிதத்தையும் சேர்த்துத் தாலுக்கா அலுவலகத்துக்கு அனுப்பினார். சிங்கவரத்தில் வசிக்கும் இன்னார் எங்கள் ஒன்றியத்துக்காகச் செய்துகாட்டினார் என்று அவர் கையெழுத்தோடு போனது. எட்டாவது முறை அம்சா போனபோது உட்காரச் சொன்னார்களாம். மூன்று வாரத்தில் கார்டு வந்துவிட்டது.

அந்த மூன்று வாரமும் செஞ்சியில் உரல் சத்தம் ஓயவில்லை. வேண்டாம் என்று கொட்டின அரிசிக்கு இப்போது ஆள்விட்டு வரிசையில் இடம் போட்டார்கள். அம்சா கார்டை மஞ்சள் பையில் வைத்து, பையை இடுப்பில் செருகிக்கொண்டு வரிசையில் நின்றாள். நானும் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கூட நின்றேன். அவள் முறை வந்தது. கடைக்காரர் கார்டை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டுப் புது மூட்டையில் கையை விட்டார். அம்சா எட்டி ஒரு அரிசியை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள், கடித்துப் பார்த்தாள். முகம் விழுந்துவிட்டது.

"இன்னாங்க இது? ஒட்டவே ஒட்டாது போலக்கீதே! கவுனி எங்க?"

"அது முந்தாநாளே தீந்துபோச்சி. இது நம்ம அரிசிதான், சோறு நல்லா பொலபொலன்னு வரும்" என்றார் கடைக்காரர். வரிசை முழுதும் சிரித்தது. ஊரிலேயே அந்த அரிசியை ஆசைப்பட்டவள் இவள் ஒருத்திதான். இவள் கார்டோடு வருகிற நாளில் அது இல்லை. என்ன சொல்லித் தேற்றுவது என்று நான் யோசிப்பதற்குள் அம்சா பையை உதறி விரித்துப் பிடித்தாள். கடைக்காரர் அளந்து தட்டில் போட்டுவிட்டு, தராசு ஆடி நிற்பதற்கு முன்பே தட்டைத் தூக்கப் போனார். எல்லாருக்கும் அவர் அப்படித்தான் போடுவார், எல்லாரும் சண்டை பிடிப்பார்கள். அம்சா தட்டின் மேல் கையை வைத்தாள்.

"இருங்க, முள்ளு இன்னும் நிக்கல. நிக்கட்டும். நான் எங்கயும் போவல" என்றாள்.